அந்தக் கண்ணாடி ஜாடி நாவலில் இல்லை

1931-ல் வந்த ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தை நீங்க பார்த்திருக்கவே வேண்டாம். அதில் வரும் உருவம் உங்களுக்குத் தெரியும். தட்டையான தலை, நெற்றியில் தையல், கனமான பூட்ஸ், கழுத்தின் இரண்டு பக்கமும் போல்ட் மாதிரி ஏதோ ஒன்று. (அது போல்ட் இல்லை, மின்சாரம் செலுத்தும் எலக்ட்ரோடு. ட்ரிபிள்-ஈ நண்பர்கள் கவனிக்க.) டீ-ஷர்ட்டிலோ, கார்ட்டூனிலோ, மீமிலோ எங்கேயாவது பார்த்திருப்பீங்க.

அந்தப் படத்தின் தொடக்கத்தில் ஒரு காட்சி வரும். மருத்துவக் கல்லூரியில் ஒரு வகுப்பறை. பாடம் முடிந்து மாணவர்கள் போய்விட்டார்கள். இரண்டு கண்ணாடி ஜாடிகள் இருக்கின்றன. ஒன்றில் நல்ல மூளை, இன்னொன்றில் ஒரு குற்றவாளியின் மூளை. விஞ்ஞானியின் உதவியாளன் ஃபிரிட்ஸ் திருட்டுத்தனமாக உள்ளே வந்து நல்ல மூளையை எடுக்கிறான். எங்கோ ஒரு சத்தம். பதறிப்போய் ஜாடியைக் கீழே போட்டு உடைத்துவிடுகிறான். வேறு வழியில்லாமல் மற்ற ஜாடியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். படத்தில் அதற்குப் பிறகு நடக்கும் அத்தனை அழிவுக்கும் இந்த ஜாடிதான் விளக்கம். தப்பான பார்ட் மாட்டிவிட்டார்கள், அதனால் மெஷின் கெட்டுப்போச்சு. நம்ம லேபில் சொல்வோமே, கம்போனென்ட் ஃபால்ட். அதேதான்.

விஷயம் என்னன்னா, நாவலில் அந்த ஜாடி கிடையாது. ஃபிரிட்ஸும் கிடையாது. 1818-ல் நாவலை வெளியிட்ட 20 வயசுப் பெண் தப்பை வேறொரு இடத்தில் வைத்திருந்தார். எங்கே வைத்தார், ஏன் அங்கே வைத்தார் என்பது புரிய வேண்டுமென்றால் அவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் தெரிஞ்சுக்கணும். வாங்க.

கல்லறையில் எழுத்து படித்த குழந்தை

1797 ஆகஸ்ட் 30. லண்டனில் மேரி பிறந்தார். அம்மா மேரி உல்ஸ்டன்கிராஃப்ட். பெண்களுக்கும் ஆண்களைப் போலவே கல்வியும் உரிமையும் வேண்டும் என்று 1792-லேயே புத்தகம் எழுதி இங்கிலாந்தை அதிர வைத்தவர். அப்பா வில்லியம் காட்வின், அரசாங்கமே தேவையில்லை என்று எழுதிய தத்துவவாதி. அந்தக் காலத்து லண்டனில் இதைவிட அறிவாளியான ஒரு வீட்டில் பிறந்திருக்க முடியாது.

ஆனால் பிரசவத்தில் ஏற்பட்ட தொற்றில் காய்ச்சல் வந்து, பதினோரு நாளில் அம்மா இறந்துபோனார். அப்போது கிருமி என்றால் என்னவென்று மருத்துவத்துக்கே தெரியாது. கை கழுவ வேண்டும் என்பதுகூட வழக்கத்தில் இல்லை. குழந்தைக்கு அம்மாவின் பெயரையே வைத்தார்கள். செயின்ட் பான்க்ரஸ் தேவாலயத் தோட்டத்தில் அம்மாவின் கல்லறை. அதில் பொறித்திருந்த எழுத்துகளை விரலால் தடவித்தான் மேரி முதன்முதலில் எழுத்துக் கற்றார் என்று சொல்வார்கள். கொஞ்சம் நினைச்சுப் பாருங்க: கல்லறையில் இருப்பதும் தன் பெயரேதான்.

காட்வின் மறுமணம் செய்துகொண்டார். சிற்றன்னைக்கும் மேரிக்கும் ஒத்துப்போகவே இல்லை. வீட்டில் மொத்தம் ஐந்து பிள்ளைகள். அவர்களில் எந்த இருவருக்கும் அம்மா, அப்பா இரண்டு பேரும் ஒன்றாக இல்லை. மேரி பள்ளிக்கூடம் போனது மிகக் குறைவு. ஆனால் அப்பாவின் நூலகம் திறந்தே கிடந்தது. வருகிற விருந்தாளிகளும் சாதாரண ஆட்கள் இல்லை. கவிஞர் கோல்ரிட்ஜ் ஒரு நாள் மாலை வந்து தன் கடற்பயணக் கவிதையைச் சொன்னபோது, தூங்கப் போக வேண்டிய மேரி சோஃபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கேட்டாராம். பல வருஷம் கழித்து அந்தக் கவிதை அவருடைய நாவலுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

16 வயசில் வீட்டைவிட்டு

காட்வினின் எழுத்தில் மயங்கி அந்த வீட்டுக்கு வந்துபோனவர்களில் ஒருவர் இளம் கவிஞர் பெர்சி ஷெல்லி. பணக்காரப் பிரபுக் குடும்பம். ஏற்கெனவே திருமணமானவர், மனைவி பெயர் ஹாரியட். மேரியும் அவரும் சந்தித்துக்கொண்டது பெரும்பாலும் எங்கே தெரியுமா? அதே கல்லறைத் தோட்டத்தில். 1814 ஜூலை 28 அதிகாலை இருவரும் வீட்டைவிட்டு ஐரோப்பாவுக்குக் கிளம்பிவிட்டார்கள். மேரிக்கு வயசு 16. கூடவே சிற்றன்னையின் மகள் கிளேரும்.

திருமணம் என்பதே தேவையில்லாத கட்டுப்பாடு என்று புத்தகத்தில் எழுதிய காட்வின், சொந்த மகள் விஷயத்தில் கதவைச் சாத்திவிட்டார். இரண்டு வருஷத்துக்கும் மேல் மகளிடம் பேசவில்லை. அதே சமயம் தன் கடனை அடைக்க ஷெல்லியிடம் பணம் கேட்டுக் கடிதம் மட்டும் அனுப்பிக்கொண்டே இருந்தார். மேரிக்கு அப்பா மேல் உயிர். உருவாக்கியவரே முகத்தைத் திருப்பிக்கொண்டால் எப்படி வலிக்கும் என்பதை மேரி படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

1815 பிப்ரவரியில் மேரிக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. குறைப்பிரசவம். பெயர்கூட வைக்கவில்லை. சில நாளில் இறந்துவிட்டது. அதன் பிறகு மேரிக்கு ஒரு கனவு வந்தது. அதை நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். குழந்தை சாகவில்லையாம், உடம்பு சில்லிட்டுப் போயிருந்ததாம், நெருப்புக்குப் பக்கத்தில் வைத்துத் தேய்த்ததும் உயிர் வந்துவிட்டதாம். விழித்துப் பார்த்தால் குழந்தை இல்லை. செத்த உடலுக்கு மறுபடி உயிர் கொடுக்கும் கதையை உலகத்துக்குச் சொன்னவர், அதை முதலில் கண்டது இந்தக் கனவில்தான் என்று எனக்குத் தோன்றும்.

வெயில் வராத கோடை

1815 ஏப்ரலில் இப்போதைய இந்தோனேசியாவில் இருக்கும் தம்போரா எரிமலை வெடித்தது. வரலாற்றில் பதிவான மிகப் பெரிய வெடிப்புகளில் ஒன்று. வானத்துக்குப் போன கந்தகத் துகள்கள் உலகம் முழுக்கப் பரவி வெயிலை மறைத்தன. அடுத்த வருஷம் ஐரோப்பாவுக்குக் கோடைகாலமே வரவில்லை. பயிர் அழிந்தது, பஞ்சம் வந்தது. ஜெனீவா ஏரிக்கரையில் விடாத மழை.

அந்த 1816 கோடையில் மேரி, ஷெல்லி, கிளேர் மூவரும் அங்கேதான் இருந்தார்கள். பக்கத்து மாளிகையில் கவிஞர் பைரன், அவருடைய இளம் மருத்துவர் பாலிடோரி. வெளியே போக முடியாமல் உள்ளே உட்கார்ந்து ஜெர்மன் பேய்க் கதைகளைப் படித்தார்கள். ஆளுக்கு ஒரு பேய்க் கதை எழுதலாம் என்று பைரன் ஒரு போட்டி வைத்தார். பெரிய கவிஞர்கள் இரண்டு பேரும் ஆரம்பித்துவிட்டுப் பாதியில் விட்டுவிட்டார்கள். கடைசியில் அந்த வீட்டிலிருந்து உலகத்துக்கு வந்த கதைகள் இரண்டு. பாலிடோரியின் ரத்தக் காட்டேரிக் கதை ஒன்று. பின்னால் வந்த டிராகுலாவுக்கு அது மூத்த அண்ணன். இன்னொன்று 18 வயசு மேரியுடையது.

மேரிக்குக் கதை உடனே வரவில்லை. தினமும் காலையில் கதை கிடைத்ததா என்று கேட்பார்களாம், இல்லை என்று சொல்ல வேண்டியிருக்குமாம். ஒரு நாள் இரவு பேச்சு கால்வனிசம் பக்கம் போனது. இறந்த தவளையின் கால் தசை உலோகத் தொடர்பில் துடித்ததைக் கால்வனி கண்டுபிடித்தது 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில். அவருடைய உறவினர் ஆல்டினி 1803-ல் லண்டனில், தூக்கிலிடப்பட்ட ஒரு கைதியின் உடலில் பேட்டரி மின்சாரத்தைச் செலுத்திக் காட்டினார். தாடை அசைந்தது, ஒரு கண் திறந்தது, கை உயர்ந்தது. இதெல்லாம் அன்றைய நிஜமான அறிவியல் ஆராய்ச்சி. அதாவது மேரி எடுத்துக்கொண்டது மந்திரவாதியை இல்லை, அவர் காலத்து லேபை. அதனால்தான் அறிவியல் புனைகதைக்கே இந்த நாவலைத் தொடக்கமாகப் பலர் சொல்கிறார்கள்.

அன்று இரவு படுத்த மேரிக்குத் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் ஒரு காட்சி: தான் செய்த உருவத்தின் பக்கத்தில் மண்டியிட்டிருக்கும் ஒரு மாணவன். அந்த உருவம் அசைகிறது. அவன் பயந்து ஓடுகிறான். இந்த மூன்றாவது பகுதியைக் குறிச்சு வச்சுக்கங்க. அவன் ஓடுகிறான்.

நாவலில் அந்த இரவு

படத்தில் உயிர் வரும் காட்சி பிரமாதமாக இருக்கும். மலை மேல் கோபுரம், இடி, மின்னல், சுழலும் சக்கரங்கள், பொறி பறக்கும் காயில்கள். கென்னத் ஸ்ட்ரிக்ஃபேடன் என்ற எலக்ட்ரிகல் கலைஞர் செய்த கருவிகள் அவை. இன்றுவரை ‘பைத்தியக்கார விஞ்ஞானியின் லேப்’ என்றால் சினிமா காட்டுவது அந்த செட்டைத்தான்.

நாவலில்? ஒரு வாடகை வீட்டின் மாடி அறை. நவம்பர் மாத இரவு, மணி ஒன்று. ஜன்னலில் மழை. முக்கால்வாசி எரிந்து முடிந்த மெழுகுவர்த்தி. அவ்வளவுதான். எந்தக் கருவி, எத்தனை வோல்ட், எதுவும் சொல்ல மாட்டார். விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் டாக்டரும் இல்லை. இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மாணவன், கிட்டத்தட்ட உங்க வயசு. இரண்டு வருஷமாக வீட்டுக்குக் கடிதம் போடாமல், சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல் ஒரே ப்ராஜெக்டில் கிடக்கிறான். நுண்ணிய பாகங்கள் கைக்கு அடங்கவில்லை என்று அளவைப் பெரிதாக்கி, எட்டடி உயரத்துக்கு ஒரு மனிதனைச் செய்கிறான். அழகான பாகங்களாகத் தேர்ந்தெடுத்தே செய்கிறான்.

மஞ்சள் கண் ஒன்று திறக்கிறது. அந்த நொடியில் விக்டருக்கு அருவருப்பு. பக்கத்து அறைக்கு ஓடிப் படுத்துவிடுகிறான். விழித்துப் பார்த்தால், அவன் செய்த உருவம் கட்டில் திரையை விலக்கிக்கொண்டு நிற்கிறது. ஏதோ சொல்ல முயல்கிறது, முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று, ஒரு கை நீள்கிறது. பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத குழந்தை கை நீட்டினால் எதற்கு நீட்டும்? விக்டர் மறுபடி ஓடுகிறான். மறுநாள் அறைக்கு வந்து பார்த்து, அது போய்விட்டது என்று தெரிந்ததும் சந்தோஷத்தில் கை தட்டுகிறான்.

தப்பு நடந்த இடம் இதுதான். மூளை சரி, பாகங்கள் சரி, டிசைன்கூட ஓரளவு சரி. செய்தவன் நிற்கவில்லை. எப்படிச் செய்வது என்று இரண்டு வருஷம் யோசித்தவன், செய்த பிறகு என்ன செய்வது என்று ஒரு ராத்திரிகூட யோசிக்கவில்லை.

அதுவா, அவனா?

தமிழில் எழுதும்போது ஒரு சிக்கல் வரும். இந்த உருவத்தை ‘அது’ என்று எழுதுவதா, ‘அவன்’ என்று எழுதுவதா? இதுவரை நான் ‘அது’ என்றே எழுதினேன். நாவலின் நடுப்பகுதியைப் படித்தால் அப்படி எழுதக் கை வராது. ஏன்னா அங்கே அவன் பேசுகிறான். பனிமலையில் விக்டரை உட்கார வைத்து, தன் கதையைத் தானே பல அத்தியாயங்களுக்குச் சொல்கிறான்.

காட்டில் அலைந்து, ஒரு ஏழைக் குடும்பத்தின் வீட்டை ஒட்டிய கொட்டகையில் ஒளிந்துகொள்கிறான். சுவர் இடுக்கு வழியாகப் பார்த்துப் பார்த்தே மொழி கற்கிறான். அவர்களுக்குத் தெரியாமல் இரவில் விறகு வெட்டிப் போடுகிறான். கிடைத்த புத்தகங்களைப் படிக்கிறான். அதில் மில்டனின் காவியமும் ஒன்று. கடவுள் தன் படைப்பிடம் பேசியதைப் படித்துவிட்டு, தன்னைப் படைத்தவன் ஏன் ஓடினான் என்று யோசிக்கிறான். கடைசியில் தைரியம் வந்து, கண் தெரியாத பெரியவர் தனியாக இருக்கும் நேரம் பார்த்து உள்ளே போகிறான். பெரியவர் அன்பாகப் பேசுகிறார். பிள்ளைகள் திரும்பி வருகிறார்கள். அடித்து விரட்டுகிறார்கள்.

அதற்குப் பிறகும் ஒரு சம்பவம். ஆற்றில் தவறி விழுந்த ஒரு சிறுமியை அவன் குதித்துக் காப்பாற்றுகிறான். அவளோடு வந்தவன் துப்பாக்கியால் அவனைச் சுடுகிறான்.

இப்போ படத்துக்கு வாங்க. படத்திலும் தண்ணீர் இருக்கிறது, ஒரு சிறுமி இருக்கிறாள். ஏரிக்கரையில் சிறுமி மரியா அவனைப் பார்த்துப் பயப்படவில்லை. பூக்களைத் தண்ணீரில் போட்டு மிதக்க விடும் விளையாட்டைச் சொல்லித் தருகிறாள். பூ தீர்ந்துபோகிறது. அவளும் பூ மாதிரி மிதப்பாள் என்று நினைத்துத் தூக்கிப் போடுகிறான். மூழ்கிவிடுகிறாள். அவன் பதறி ஓடுகிறான்.

பாருங்க, நாவலில் காப்பாற்றியவன் படத்தில் கொன்றவன் ஆகிவிட்டான். புத்தகத்தை நேசிப்பவர்களுக்குக் கோபம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் நேர்மையாகச் சொல்லணும்: அந்தக் காட்சியில் வில்லத்தனம் துளியும் இல்லை. போரிஸ் கார்லாஃப் அதை ஒரு குழந்தையின் தவறாகவே நடித்திருக்கிறார். வேடிக்கை என்னன்னா, தணிக்கையில் தூக்கிப் போடும் பகுதியை வெட்டிவிட்டார்கள். பல பத்தாண்டுகள் ரசிகர்கள் பார்த்தது இவ்வளவுதான்: அவன் சிறுமியை நோக்கிக் கை நீட்டுகிறான், அடுத்துச் செத்த மகளைத் தூக்கிக்கொண்டு அப்பா ஊருக்குள் நடந்து வருகிறார். நடுவில் என்ன நடந்திருக்கும் என்று ஆளாளுக்குக் கற்பனை செய்தார்கள். வெட்டியதால் அவன் இன்னும் பெரிய கொடூரன் ஆனான்.

நாவலிலும் அவன் நல்லவனாகவே இருந்துவிடவில்லை. விக்டரின் தம்பி, நண்பன், மனைவி என்று ஒவ்வொருவராகக் கொல்கிறான். தம்பியைக் கொன்ற பழியில் ஜஸ்டின் என்ற அப்பாவிப் பெண் தூக்கில் தொங்குகிறாள். உண்மை தெரிந்த விக்டர் வாயைத் திறக்கவில்லை. மேரி யாரையும் விடுவதில்லை. ஆனால் ஒவ்வொரு கொலைக்கும் கணக்குப் பார்த்தால், கோடு போய் நிற்பது அந்த மாடி அறையில்தான்.

பெயர் இல்லாத புத்தகம்

கதை வளர்ந்துகொண்டிருந்த அந்த 1816-லேயே இரண்டு சாவு. அக்டோபரில் மேரியின் அம்மா வயிற்று அக்கா ஃபேனி தற்கொலை செய்துகொண்டார். டிசம்பரில் ஷெல்லியின் மனைவி ஹாரியட்டின் உடல் லண்டன் ஹைட் பார்க் ஏரியில் கிடைத்தது. அந்த மாதக் கடைசியிலேயே மேரியும் ஷெல்லியும் திருமணம் செய்துகொண்டார்கள். அதன் பிறகுதான் காட்வின் மகளிடம் பேசினார். கைவிடப்பட்டவர்களின் கதையை எழுதிக்கொண்டிருந்தவர், இன்னொரு பெண் கைவிடப்பட்டதில் தனக்கும் பங்கு உண்டு என்பதை அறியாமல் இருந்திருக்க முடியாது.

1818 ஜனவரி 1 அன்று நாவல் வந்தது. 500 பிரதிகள், மூன்று பாகம், ஆசிரியர் பெயர் இல்லாமல். முன்னுரை ஷெல்லி எழுதியது, சமர்ப்பணம் காட்வினுக்கு. அதனால் எழுதியவர் ஷெல்லிதான் என்று பலர் முடிவு கட்டினார்கள். நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் பாராட்டி எழுதிய விமர்சனத்திலும் அதே ஊகம். முதல் குழந்தைக்குப் பெயர் இல்லை, நாவலில் உருவான அவனுக்குப் பெயர் இல்லை, நாவலை எழுதியவருக்கும் பெயர் இல்லை.

அடுத்த சில வருஷங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், நின்று சொல்ல மனசு வராது. இத்தாலிக்குப் போனார்கள். 1818 செப்டம்பரில் ஒரு வயசு மகள் கிளாரா இறந்தாள். 1819 ஜூனில் மூன்று வயசு மகன் வில்லியம் இறந்தான். நாவலில் முதலில் கொல்லப்படும் சிறுவனுக்கு மேரி வைத்திருந்த பெயரும் வில்லியம்தான். அந்த வருஷக் கடைசியில் பிறந்த பெர்சி ஃபிளாரன்ஸ் மட்டும் தங்கினான். 1822 ஜூலை 8 அன்று ஷெல்லியின் படகு புயலில் மூழ்கியது. கடற்கரையிலேயே உடலை எரித்தார்கள். மேரிக்கு 25 வயசு முடியவில்லை.

மேரியே பார்த்த முதல் ‘அடாப்டேஷன்’

1823-ல் மகனோடு லண்டன் திரும்பினார். திரும்பிய வேகத்தில் ஒரு செய்தி: அவருடைய நாவல் மேடை நாடகமாக ஓடிக்கொண்டிருக்கிறது! நாடகமாக்க ஆசிரியரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்ற சட்டமெல்லாம் அப்போது இல்லை. ஆகஸ்ட் மாதம் மேரி அப்பாவோடு போய் அதைப் பார்த்தார்.

இங்கேதான் எனக்கு ஆச்சரியம். 1931 படம் செய்ததாக நாம் குறை சொல்லும் பலவற்றை அந்த நாடகம் ஏற்கெனவே செய்துவிட்டது. அவன் வாயைக் கட்டி ஊமையாக்கியது. ஃபிரிட்ஸ் என்ற உதவியாளனைப் புதிதாக நுழைத்தது. நடிகர் பட்டியலில் அவன் பெயர் வர வேண்டிய இடத்தில் வெறும் கோடு போட்டிருந்தார்கள். மேரி கோபித்தாரா? இல்லை, ரசித்தார். அந்தக் கோடு அவருக்குப் பிடித்திருந்தது. ஊமையாக நடித்த குக் என்ற நடிகர் கையை நீட்டித் தேடும் விதம் பிடித்திருந்தது. நாடகத்தின் பரபரப்பில் நாவலின் இரண்டாம் பதிப்பு அதே வருஷம் வந்தது, இந்த முறை மேரியின் பெயரோடு. அடாப்டேஷன் பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் தேடும் பழக்கம் நம்ம காலத்தில் வந்தது என்று நினைக்காதீங்க.

அப்புறம் இன்னொன்றும் சொல்லியாகணும். 1831-ல் திருத்திய பதிப்புக்காக மேரியே நாவலில் கை வைத்தார். புதிய பதிப்பில் விக்டர் விதியின் கையில் மாட்டிக்கொண்டவன் மாதிரி கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறான். 1818-ல் அவன் தானாக எடுத்த முடிவுகள், 1831-ல் ஏதோ ஒரு சக்தி இழுத்துப் போனது போல மங்குகின்றன. அத்தனை பேரைப் புதைத்த ஒருவருக்கு, எல்லாம் யாரோ ஒருவரின் தவறு என்று நினைப்பது கஷ்டமாக இருந்திருக்கும். வாய்ப்பு கிடைத்தால் 1818 பதிப்பைப் படிங்க. அதில் விக்டருக்குத் தப்பிக்க வழி குறைவு.

மீதி வாழ்க்கை முழுக்க எழுத்துதான் சோறு போட்டது. மாமனார் சர் திமோதி ஷெல்லி பேரனுக்காகக் கொஞ்சம் பணம் கொடுத்தார், ஒரு நிபந்தனையோடு: ஷெல்லியின் வாழ்க்கை வரலாற்றை எழுதக் கூடாது. மேரி எழுதவில்லை. அதற்குப் பதிலாக 1839-ல் ஷெல்லியின் கவிதைகளைத் தொகுத்து, நீளமான குறிப்புகள் எழுதி, வாழ்க்கையை அந்தக் குறிப்புகளுக்குள்ளேயே வைத்துவிட்டார். கொள்ளை நோயில் மனித இனமே அழிந்து ஒரே ஒரு ஆள் மிஞ்சும் நாவலை 1826-லேயே எழுதினார். 1851 பிப்ரவரி 1 அன்று, 53 வயசில், லண்டனில் இறந்தார். காரணம் மூளைக் கட்டியாக இருக்கலாம் என்று மருத்துவர் நினைத்தார். ஒரு வருஷம் கழித்து அவருடைய எழுதுபெட்டியைத் திறந்தபோது, இறந்த குழந்தைகளின் முடிக்கற்றைகள் உள்ளே பத்திரமாக இருந்தன.

சரி, படம் மோசமா?

இல்லவே இல்லை. இயக்குநர் ஜேம்ஸ் வேல், மேக்கப் கலைஞர் ஜாக் பியர்ஸ், நடிகர் கார்லாஃப் மூவரும் சேர்ந்து செய்தது சாதாரண வேலை இல்லை. வார்த்தையைப் பிடுங்கிவிட்ட பிறகு கார்லாஃபுக்கு மிஞ்சியது கண்ணும் கையும்தான். கூரை திறந்து முதன்முதலாக வெளிச்சம் விழும்போது அவன் இரண்டு கையையும் மேலே தூக்கி அந்த வெளிச்சத்தைப் பிடிக்கப் பார்ப்பான். நாவலில் பல பக்கம் பேசியதை அந்த ஒரு அசைவு சொல்லிவிடும். 1823-ல் மேரிக்குப் பிடித்த அதே கை.

படத்திலும் விஞ்ஞானி கைகழுவத்தான் செய்கிறான். அங்கே அவன் பெயர் ஹென்றி. ஃபிரிட்ஸ் தீப்பந்தத்தைக் காட்டி அவனை வதைப்பதைச் சரியாகத் தடுக்கவில்லை. அப்புறம் பேராசிரியரிடம் ஒப்படைத்துவிட்டுக் கல்யாணம் செய்துகொள்ள வீட்டுக்குப் போய்விடுகிறான். ஆனால் அந்த ஜாடி இருக்கிறதே, அது அவனைக் காப்பாற்றிவிடுகிறது. குற்றவாளி மூளை என்று பேராசிரியர் சொல்லும்வரை ஹென்றிக்கே தெரியாது. ஆக, தப்பு ஃபிரிட்ஸுடையது, பார்ட்டுடையது, சப்ளையுடையது. கடைசியில் ஊரே தீப்பந்தத்தோடு திரண்டு காற்றாலையைக் கொளுத்துகிறது. ஹென்றி பிழைத்து வீட்டுக்கு வருகிறான், அவன் அப்பா குடும்ப வாரிசை வாழ்த்திக் குடிக்கிறார்.

நாவலில் விக்டருக்கு அந்தச் சலுகை இல்லை. தான் செய்தவனைத் துரத்தி வடதுருவப் பனி வரைக்கும் போய், ஒரு கப்பலில் சாகிறான். அவன் உடலுக்குப் பக்கத்தில் வந்து நின்று அழுபவன், அவன் செய்து கைவிட்ட அதே ஆள். பிறகு தன்னையே எரித்துக்கொள்ளப் போவதாகச் சொல்லிவிட்டுப் பனியில் இறங்கி இருட்டில் மறைகிறான்.

படத்தின் ஆரம்ப டைட்டிலில் அவனை நடித்தவர் பெயருக்குப் பதில் ஒரு கேள்விக்குறி போட்டிருப்பார்கள். நாவலாசிரியரின் பெயரோ, திருமதி பெர்சி பி. ஷெல்லி! செத்து 80 வருஷம் ஆகியும் மேரிக்கு அவர் பெயர் முழுசாகக் கிடைக்கவில்லை. நான்கு வருஷம் கழித்து இதே இயக்குநர் எடுத்த இரண்டாம் பாகத்தில் அவன் பேசக் கற்கிறான், கண் தெரியாத பெரியவர் வருகிறார், மேரியே ஒரு பாத்திரமாக வந்து கதையைச் சொல்கிறார். மேரியாக நடித்த எல்சா லான்செஸ்டரே அவனுக்காகச் செய்யப்படும் மணப்பெண்ணாகவும் நடித்தார். ஜேம்ஸ் வேல் நாவலை நோக்கி ஓரளவு திரும்பி வந்தார் என்றே அதை எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டையும் பாருங்க, படிங்க. படம் 70 நிமிஷம்தான். நாவலுக்கு ஒரு செமஸ்டர் லீவு போதும். படித்துவிட்டு, நாம் செய்யும் விஷயங்களைக் கொஞ்சம் யோசிங்க. ரிவ்யூ முடிந்த மறுநாளே லேப் அலமாரிக்குள் போகும் ப்ராஜெக்டில் ஆரம்பிக்கலாம். அது யாரையும் கொல்லாது. நாளைக்கு நாம் எழுதப் போகும் கோடு, கட்டப் போகும் பாலம், பயிற்சி கொடுத்து வெளியே விடப் போகும் மாடல், இவை அப்படி இல்லை. ஏதாவது உடைந்தால் நமக்கு முதலில் ஞாபகம் வருவது ஜாடிதான்: டேட்டா சரியில்லை, பார்ட் சரியில்லை, ஃபிரிட்ஸ் சரியில்லை. சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனாலும் அடுத்த முறை அந்த வார்த்தை வாயில் வரும்போது, நவம்பர் மழையில் ஒரு மாடி அறையில் நீண்ட அந்தக் கையை ஒரு தடவை நினைச்சுக்கங்க. அது உதிரி பாகம் எதையும் கேட்கவில்லை.